நெசவாளரின் ஓய்வும் ஊதியமும்

தமிழகத்தில் ஓய்வூதியம் என்ற சொல் எழுந்தால், அது அரசு ஊழியரின் ஓய்வூதியத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. பழைய ஓய்வூதியம், 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தோருக்கான பங்களிப்பு ஓய்வூதியம், மத்திய அரசு 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியம் ஆகியவற்றுள் எது மேல் என்னும் விவாதம் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அந்த விவாதம் நியாயமானதே. ஆனால், ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டு பணிபுரிந்தவருக்கே குறைந்தபட்சம் மாதம் 10,000 ரூபாய் உறுதி என்பதைப் படிக்கும்போது, ஐம்பது ஆண்டு உழைத்துவிட்டு அதில் எட்டில் ஒரு பங்குக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருப்போர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. காஞ்சிபுரத்தின் மேற்கே, கைலாசநாதர் கோயிலை ஒட்டிய பிள்ளையார்பாளையத்தில் அத்தகையோர் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் பெரும்பாலும் குழித்தறிகள். இடுப்புக்குக் கீழ் உடல் குழிக்குள் இருக்க, கால்கள் மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிக்க, கண்கள் மயிரிழைக்கு நிகரான பாவு நூலை நோக்கியபடி நாளெல்லாம் அமர்ந்திருக்க வேண்டிய வேலை இது. கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் கோக்கப்படும் கோர்வைச் சேலைக்கு இருவர் வேண்டும். தறிக்காரர் ஒருவர், கரை நாடாவை வீச உடனிருப்பவர் ஒருவர். அந்த உடனிருப்பவர் வேலையை ஒரு காலத்தில் செய்தவர்கள் சிறுவர்கள். காஞ்சிப் பட்டின் கதையில் குழந்தைத் தொழிலாளர் அத்தியாயம் மறைக்கத்தக்கதன்று. பத்து வயதில் தறியடியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளில் பலர் இன்று ஐம்பதைக் கடந்து, அறுபதை நெருங்குகிறார்கள். அரசு ஊழியர் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டு பணிபுரிந்தால் அது முழுப் பணிக்காலம். இவர்களின் கணக்கு அதையும் தாண்டும்.

நாற்பதில் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்ணாடி போட்டுச் சில ஆண்டுகள் ஓட்டலாம். அதன்பின் நுணுக்கமான புட்டா வேலை கைவிட்டுப் போகும். எளிய சேலை, குறைந்த கூலி, மாதத்துக்கு நெய்யும் எண்ணிக்கையிலும் சரிவு. ஐம்பத்தைந்து வயதில் ஒரு நெசவாளரின் வருமானம் நாற்பது வயதில் இருந்ததைவிடக் குறைவாக இருப்பது இத்தொழிலின் இயல்பு. சம்பளக்காரர்களின் உலகில் இது நேர் எதிர்: ஓய்வு பெறும் மாதத்தில்தான் அவர்களின் சம்பளம் உச்சத்தில் இருக்கும். நம் ஓய்வூதிய விதிகள் எல்லாம் அந்தச் சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

ஓய்வூதியத்தை எப்போது கேட்பது என்பது உலகின் பல நாடுகளில் ஒரு குடும்பம் கூடி அமர்ந்து கணக்கிட்டு எடுக்கும் முடிவு. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை 62 வயதிலேயே கேட்கலாம். 70 வரை தள்ளிப்போடவும் செய்யலாம். 1960இலும் அதன் பின்னும் பிறந்தோருக்கு முழு ஓய்வூதிய வயது 67. முன்கூட்டி 62இல் கேட்டால் 30 விழுக்காடு குறையும். 67க்குப் பின் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 8 விழுக்காடு கூடும். எனவே உடல்நலம், சேமிப்பு, மனைவி அல்லது கணவரின் வயது ஆகியவற்றை எடைபோட்டு முடிவு செய்கிறார்கள். பொறுத்தவருக்குப் பலன் உண்டு. பொறுக்க இயலாதவருக்கும் குறைத்தேனும் உண்டு.

பிள்ளையார்பாளையத்தின் தறிக்காரருக்கு இவ்விரண்டும் இல்லை. அவருக்கு எட்டும் ஓய்வூதியங்கள் அனைத்தும் அறுபதில்தான் தொடங்குகின்றன. ஐம்பத்தாறில் கண் போனால் குறைத்துத் தருவோம் என்ற ஏற்பாடு கிடையாது. அறுபத்திரண்டு வரை நெய்துவிட்டுக் கேட்டால் கூட்டித் தருவோம் என்பதும் கிடையாது. தொகை ஒரே அளவு. அதிலும் வருவாய்த் துறையின் முதியோர் ஓய்வூதியம் அனுமதி ஆணை பிறந்த பிறகே வரத் தொடங்கும். அறுபது முடிந்த நாளிலிருந்து நிலுவை கணக்கிட்டுத் தருவதில்லை. எனவே இங்கே காத்திருப்பதற்குக் கூலி இல்லை. தாமதித்த ஒவ்வொரு மாதமும் திரும்பி வராத மாதம்.

இந்த எளிய உண்மை பலருக்குத் தெரியாது என்பதுதான் நான் கண்டது. “இன்னும் கை ஓடுகிறதே, இப்போதே எதற்கு?” என்று மானத்தோடு தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியம் என்பது வேலையை விட்டவருக்கு உரியது, தறியில் உட்காரும்வரை கேட்கக் கூடாது என்ற எண்ணமும் உண்டு. அந்தக் கூச்சம் மதிக்கத்தக்கது. ஆயினும் இரண்டு ஆண்டு கூச்சத்தின் விலை, மாதம் 1,200 ரூபாய்க் கணக்கில், 28,800 ரூபாய்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது அடுத்த கேள்வி. மூன்று கதவுகள் உள்ளன. முதலாவது, கூட்டுறவுச் சங்கம். சங்கத் தறிக்காரர்களுக்கு, கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று பிடித்து, அரசின் பங்கையும் சேர்த்து வைக்கும் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதில் உள்ளோருக்கு அறுபதுக்குப் பின் கைத்தறித் துறை வழியாக ஓய்வூதியம், இடையில் இறந்தால் குடும்பத்துக்குக் குறிப்பிட்ட காலம் குடும்ப ஓய்வூதியம். இரண்டாவது, தமிழ்நாடு கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்கள் நல வாரியம். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியங்களுள் ஒன்று. முதலாளி தறியில் நெய்வோரும், பாவு பிணைப்போரும், தார் சுற்றுவோரும் இதில் பதியலாம். மூன்றாவது, வருவாய்த் துறை தரும் முதியோர் ஓய்வூதியம். தமிழகத்தில் 1962 முதல் இருந்துவரும் பழைய திட்டம். தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆயிற்று.

மூன்று கதவுகள் இருந்தாலும் உள்ளே நுழைய ஒன்றுக்குத்தான் அனுமதி. ஒருவருக்கு ஓர் ஓய்வூதியம் என்பது பொதுவிதி. மூன்றிலும் தொகை ஆயிரத்தையொட்டியே இருப்பதால் எதை வாங்கினால் என்ன என்று தோன்றலாம். வேறுபாடு தொகையில் இல்லை, தன்மையில் இருக்கிறது. முதியோர் ஓய்வூதியம் ஆதரவற்றோருக்கானது. அதைப் பெற, தனக்கு ஆதரவில்லை என்று ஒருவர் நிறுவ வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் ஆணை என்று கோப்பு நகர வேண்டும். மகன் சம்பாதிக்கிறானா, வீடு இருக்கிறதா என்ற கேள்விகள் வரும். சொந்த வீட்டில் தறி வைத்திருப்பவருக்கு அந்த வீடே எதிர்ச்சாட்சி ஆகிவிடக்கூடும். சங்கத்தின் ஓய்வூதியமோ, நல வாரியத்தின் ஓய்வூதியமோ இவற்றைச் சார்ந்தவை அல்ல. நெய்தவர் என்ற பதிவே தகுதி. ஆகவே சங்க உறுப்பினர் சங்கத்தின் வழியே கேட்பதும், முதலாளி தறிக்காரர் அறுபதுக்கு முன்பே நல வாரியத்தில் பதிந்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதும் நல்லது என்பேன். அறுபது முடிந்த பின் வாரியத்தில் புதிதாகப் பதிய வழியில்லை. கதவு மூடிய பிறகு, வேண்டாத கதவு ஒன்றுதான் மிஞ்சும்.

முதலாளி தறியின் சிக்கல் இன்னொன்றும் உண்டு. சங்கத் தறிக்காரருக்குப் பாஸ்புக் இருக்கிறது, கூலி எழுதப்படுகிறது. முதலாளி தறியில் முன்பணம் வாங்கி, அதைக் கூலியில் கழித்து, பாதி துண்டுச் சீட்டிலும் பாதி வாய்ச்சொல்லிலுமாக நாற்பது ஆண்டு ஓடியிருக்கும். அவர் நெசவாளர் என்பதற்கு ஊரே சாட்சி. ஆனால் ஊரின் சாட்சியத்தை எந்த விண்ணப்பப் படிவத்திலும் ஒட்ட முடியாது.

அந்த வீட்டுப் பெண்ணின் நிலை இதனினும் மெலிது. தார் சுற்றுபவர் அவர். விடியலில் தெருவில் பாவு விரிக்கும்போது மறுமுனையைப் பிடிப்பவர் அவர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் கோர்வைக்கு எதிரே உட்கார்ந்தவரும் பல வீடுகளில் அவரே. பாஸ்புக்கில் பெரும்பாலும் கணவர் பெயர் மட்டும். அவர் இறந்தபின், மனைவி ஐம்பது ஆண்டு செய்த வேலைக்குப் பதிவு ஏதும் இராது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், அவர் பிறந்த இதே காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் என்பது இத்தெருக்களின் பெண்களுக்குச் சிறு தொகை அன்று. ஆனால் முதியோர் ஓய்வூதியம் பெறுபவருக்கு உரிமைத் தொகை கிடையாது. தொடங்கிய ஆண்டின் தொகைகளை வைத்துப் பார்த்தால், உரிமைத் தொகை பெறும் பெண் அறுபதைக் கடந்து ஓய்வூதியத்துக்கு மாறும்போது அவர் கையில் கூடுவது 200 ரூபாய். முதுமை என்ற புதிய சுமைக்கு அரசு தரும் கூடுதல் அவ்வளவே. மத்திய அரசின் பங்கும், அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலான முதியோருக்கு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக 200 ரூபாயிலேயே நிற்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

எந்தக் கதவானாலும் முதலில் கேட்பது வயதை. பத்து வயதில் பள்ளியை விட்டவரிடம் மாற்றுச் சான்றிதழ் இராது. வீட்டில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழும் இராது. ஆதார் எடுத்த நாளில் “வயது என்ன?” என்று கேட்டு, சொன்ன எண்ணை வைத்து, ஜனவரி முதல் தேதியைப் பிறந்தநாளாகப் பதிந்துகொண்டவர்கள் ஏராளம். வாக்காளர் அட்டையில் ஒரு வயது, குடும்ப அட்டையில் மற்றொன்று, ஆதாரில் வேறொன்று. ஆண்டில் இரண்டு தவறினால் இரண்டு ஆண்டு ஓய்வூதியம் போயிற்று. ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒரேயொரு வாய்ப்புத்தான் என்பதை அறியாமல், யாரோ சொன்னதைக் கேட்டு அவசரமாகத் திருத்தி மேலும் சிக்கிக்கொண்டவர்களும் உண்டு. இதற்கிடையே வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2024 ஜனவரியில் ஆதாரைப் பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஆதார் வயதுக்குச் சான்று அன்று என்றது. சட்டப்படி அது சரியே. ஆனால் வேறு ஆவணம் இல்லாதவரிடம் அந்தச் சரியை எப்படிப் பொருத்துவது? அறுபதில் ஓடுவதைவிட ஐம்பத்தெட்டில் எல்லா அட்டைகளையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. இரண்டாம் வகுப்பு வரை படித்திருந்தாலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். தேடிக் கேட்டால் பல பள்ளிகள் பதிவுத்தாள் தருகின்றன.

இவ்வளவு காலம் உழைத்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி ஏன் இல்லை என்ற கேள்வி வாசகருக்கு எழுந்திருக்கலாம். விடை சட்டத்திலேயே இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், ஐம்பது பேருக்குக் குறைவானோரைப் பணியில் வைத்து மின்விசையின்றி இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தாது. நெசவாளரோ சங்கத்தில் ‘உறுப்பினர்’, பணியாளர் அல்லர். முதலாளி தறியில் அவர் வீட்டிலிருந்து நெய்யும் ‘தனித்தொழில் செய்பவர்’. இப்படி யாருக்கும் பணியாளராக இல்லாமலே ஒருவர் ஐம்பது ஆண்டு வேலை செய்ய முடிகிறது.

பீடித் தொழிலாளர் வழக்கு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவர்களும் வீட்டில் அமர்ந்தே பீடி சுற்றுகிறார்கள், இலையையும் தூளையும் ஒப்பந்தக்காரர் தருகிறார், எண்ணிக்கைக்குக் கூலி. இவர்கள் எங்கள் ஊழியர் அல்லர் என்று நிறுவனங்கள் வாதிட்டன. பி.எம். பட்டேல் நிறுவன வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தரம் குறைந்த பீடியை ஒதுக்கித் தள்ளும் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறதே, அதுவே கட்டுப்பாடு. ஆகவே வீட்டில் சுற்றுவோரும் ஊழியரே, வைப்பு நிதிக்கு உரியவரே என்றது. அதன் பயனைத் திருநெல்வேலி, வேலூர்ப் பகுதிகளின் பீடித் தொழிலாளர்கள் பெறுகிறார்கள். பட்டு நூலையும் சரிகையையும் தந்து, வடிவத்தைச் சொல்லி, முடிந்த சேலையை விரித்துப் பார்த்து, குறையிருந்தால் கூலியைப் பிடித்துக்கொள்ளும் உரிமை படைத்த பட்டு வணிகருக்கும் அந்தப் பீடி நிறுவனத்துக்கும் என்ன வேறுபாடு? சட்டம் அறிந்தவர்கள் பல நுணுக்கங்களைச் சொல்லக்கூடும். எனக்குப் புலப்படும் வேறுபாடு ஒன்றுதான்: அங்கே தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்தன.

தறிக்காரர்களின் பிள்ளைகள் இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நிறுவனப் பேருந்தில் போகிறார்கள். அவர்களுக்கு வைப்பு நிதியும், 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. எப்போது, எப்படிக் கேட்பது என்ற கேள்விக்கு அவர்களுக்குத்தான் உண்மையில் இடமிருக்கிறது. ஆனால் அவர்களோ அதைப் பற்றி நினைக்கும் வயதில் இல்லை. ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாத ஓய்வூதியம். சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். ஆக, பத்தாண்டு பணிக்கு 2,143 ரூபாய். பதினான்கு ஆண்டுக்கு 3,000.

பத்தாண்டு நிறையாதவருக்கு ஓய்வூதியம் இல்லை. பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்து அடுத்த வேலையில் அந்த ஆண்டுகளைச் சேர்க்கலாம். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் படிவம் 10சி நிரப்பிப் பணத்தை எடுத்துவிடுவதே இளைஞர்களின் வழக்கம். கிடைப்பது ஓராண்டுக்குச் சுமார் ஒரு மாதச் சம்பளம். மூன்று முறை எடுத்தவர் மூன்று முறை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார். எடுத்த தொகையை முப்பது ஆண்டு வைப்பில் போட்டுத் தொடாமல் இருப்பவருக்குக் கணக்கு லாபமாகவும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. அப்பாவின் முன்பணக் கடனும் தங்கையின் கல்யாணமும் காத்திருக்கும் வீட்டில் அந்தப் பணம் முப்பது நாள் தங்குவதில்லை. மேலும், பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துவிட்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் ஓய்வூதியம் இத்திட்டத்தின் மிக முக்கியமான பகுதி. 2025 அக்டோபரில் வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு, வேலையிழந்தவர் ஓய்வூதியத் தொகையைத் திரும்பப் பெறக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்த்த முடிவெடுத்தபோது கண்டனங்கள் எழுந்தன. வேலையிழந்தவரின் பணத்தைப் பூட்டி வைப்பது கடுமையே. ஆயினும் ஓய்வூதியப் பங்கைப் பொறுத்தமட்டில் அம்முடிவுக்கு ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பத்தாண்டு கடந்தவர், 58இல் பெறுவதா, முன்பே பெறுவதா, 60 வரை தள்ளுவதா? வேலையை விட்டவர் 50 முதலே கேட்கலாம். 58க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும். மாதம் 3,000 ரூபாய்க்கு உரியவர் 57இலேயே வாங்கினால் 2,880 ரூபாய். அந்த ஓராண்டில் 34,560 ரூபாய் கைக்கு வந்துவிடும். பிறகு மாதம் 120 ரூபாய் இழப்பு. முன்னே பெற்றது இழப்பில் கரைந்து தீர 288 மாதம், அதாவது 24 ஆண்டு. அவருக்கு அப்போது வயது 82. மாறாக, பங்களிப்பைத் தொடராமல் 60 வரை தள்ளினால் 72,000 ரூபாயை விட்டுக்கொடுத்து, பின் மாதம் ஏறத்தாழ 240 ரூபாய் கூடுதலாகப் பெறுவார். விட்டதைப் பிடிக்க 25 ஆண்டு. வயது 85 ஆகிவிடும். இந்தியாவில் அறுபதைத் தொட்டவர் சராசரியாக ஏறத்தாழ 18 ஆண்டு வாழ்கிறார். இந்த ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படியும் இல்லை. இன்று கிடைக்கும் 3,000 ரூபாய் பத்தாண்டு கழித்தும் அதே 3,000 ரூபாய்தான், வாங்கும் அரிசிதான் குறையும். எனவே வேலையும் உடல்நலமும் உள்ளவர் 58 வரை பணிபுரிந்து பணியாண்டைக் கூட்டிக்கொள்வது சரி. 58 ஆனபின் தள்ளிப்போடுவதில் பெரும்பாலோருக்கு லாபமில்லை. உடல் தளர்ந்து வேலை போனவர், குறைகிறதே என்று அஞ்சி வெறுங்கையோடு காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே ஓர் ஆறுதலும் உண்டு: 58 கடந்து தாமதமாக விண்ணப்பித்தாலும் உரிய நாளிலிருந்து நிலுவை கிடைக்கும். முழுமையான விண்ணப்பத்தை 20 நாளில் முடிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. தறிக்காரரின் விண்ணப்பத்துக்கு அத்தகைய கெடு விதித்தவர் யாருமில்லை.

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு தலைமுறை இருக்கிறது. இன்னும் தறியில் இருப்போர், முப்பதுகளில் உள்ளோர். அவர்களுக்காக மத்திய அரசு இரண்டு திட்டங்களை வைத்திருக்கிறது. 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டம். 2019இல் வந்த பிரதமரின் சிரம யோகி மாந்தன் திட்டம். இரண்டிலும் சேரும் வயது 18 முதல் 40 வரை. இரண்டிலும் பலன் அறுபதில். மாந்தனில் வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் கட்டினால் அரசும் அதே அளவு கட்டி, அறுபதுக்குப் பின் 3,000 ரூபாய் தரும். கணவருக்குப் பின் மனைவிக்குப் பாதி. இருவருக்கும் பின் பிள்ளைகளுக்கு ஏதுமில்லை. அடலில் அரசின் இணைப் பங்கு இப்போது சேர்வோருக்கு இல்லை. ஆனால் 1,000 முதல் 5,000 வரை தேர்ந்துகொள்ளலாம். கணவருக்குப் பின் மனைவிக்கு அதே தொகை முழுதாக. இருவருக்கும் பின் சேர்ந்த நிதி வாரிசுக்கு, 5,000 ரூபாய் ஓய்வூதியமானால் எட்டரை இலட்சம். இதில்தான் காலம் பேசுகிறது. 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயதில் சேர்ந்தவர் மாதம் கட்டுவது 210 ரூபாய், 30இல் சேர்ந்தால் 577, 40இல் 1,454. நெசவாளருக்கு உண்மையான முடிவெடுக்கும் வயது அறுபது அன்று. அது முப்பதுக்குள் வந்து, யாரும் கவனிக்காமல் கடந்துபோய்விடுகிறது.

இந்த இரு திட்டங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அடல் திட்டம் வந்த 2015இல் நாற்பதில் சேர்ந்தவரே அறுபதைத் தொடுவது 2035இல். மாந்தனில் அது 2039. அதாவது, இத்திட்டங்களிலிருந்து அறுபது வயதுக்குரிய ஓய்வூதியத்தை இன்றுவரை ஒருவரும் வாங்கியதில்லை. 1975க்கு முன் பிறந்தவர் எவருக்கும் இவற்றில் இடமும் இல்லை. தறியடியில் சிறுவராக உட்கார வைக்கப்பட்ட தலைமுறையில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது. அவர்களுக்கு மாநில அரசின் ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே.

முதுமையில் ஒரு நெசவாளர் வாழ எவ்வளவு வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாததன்று. தேசிய விருது போன்ற விருதுகள் பெற்ற நெசவாளர் அறுபது கடந்து, ஆண்டு வருமானம் ஓர் இலட்சத்துக்குக் கீழ் இருந்தால், மத்திய அரசு மாதம் 8,000 ரூபாய் தருகிறது. நல்ல ஏற்பாடு. விருதுச் சேலையை நெய்தவரின் எதிரே கோர்வை நாடா வீசியவருக்கு அதில் பங்கில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். காஞ்சிப் பட்டின் கூலி அதைவிட மேல்தான். அந்தக் கூலி நின்றபின் வருவது எல்லோருக்கும் ஒன்றே.

தொகையை உயர்த்துங்கள் என்பது எளிய கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் அது எழும், நூறு இருநூறு கூடும். அதைவிட நான் வற்புறுத்த விரும்புவது வயதைப் பற்றியது. சம்பளத் தொழிலாளிக்கு 50 முதல் குறைத்துப் பெறும் உரிமை இருக்கும்போது, குழித்தறித் தொழிலாளிக்கு 55 முதல் அந்த உரிமை ஏன் இருக்கக் கூடாது? கண் மருத்துவரின் சான்றும், முப்பது ஆண்டுத் தறிப் பதிவும் போதுமானவை. கைத்தறித் துறைக்குப் பெருஞ்செலவு வைக்கும் மாற்றம் அன்று இது. சில ஆண்டு முன்னதாகத் தொடங்குவதுதான். அதே போல, அனுமதி எப்போது வந்தாலும் விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் கணக்கிடப்பட வேண்டும். கோப்பு உறங்கிய மாதங்களின் செலவை விண்ணப்பதாரர் ஏற்பது எந்த நியாயத்தில் சேரும்?

இவற்றுக்கு அரசாணை வேண்டும், காலம் ஆகும். அரசாணை வேண்டாத ஒன்று கூட்டுறவுச் சங்கங்களின் கையிலேயே இருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டில் எல்லோரின் பிறந்த தேதியும் உண்டு. ஆண்டுதோறும் ஜனவரியில், அவ்வாண்டில் அறுபது நிறைவோரின் பெயரைப் பட்டியலிட்டு, படிவத்தை வீட்டுக்கே அனுப்பி, குறையும் ஆவணம் எது என்று முன்கூட்டிச் சொல்லலாம். ஐம்பத்தெட்டு ஆனவர்களுக்கு ஒரு பட்டியல், நாற்பதை நெருங்குவோருக்கு மற்றொன்று. கணினியில் தேதி வாரியாக வரிசைப்படுத்த ஓர் எழுத்தருக்கு அரைமணி நேரம் ஆகும்.